இளகிய வில்லும் இறுகிய வில்லும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடையும் மாலுமிகளிடம் பேச்சுக் கொடுத்தால், தாம் ஓட்டிய கப்பல்களை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்வர். ஒன்று இறுகிய கப்பல். மற்றொன்று இளகிய கப்பல். இரும்பையோ தாதுமண்ணையோ அடித்தட்டில் நிறைய ஏற்றிய கப்பல் இறுகியது. அலை ஒரு பக்கம் சாய்த்தவுடன் அது வெடுக்கென நிமிரும். நிமிர்ந்த வேகத்திலேயே மறுபக்கம் சாயும். அது கவிழாது என்பது உண்மை. ஆனால் அதில் இருப்பவர்களுக்கு நிற்கவும் முடியாது, படுக்கவும் முடியாது. கட்டிவைத்த சரக்கும் கயிறறுந்து உருளும். இளகிய கப்பலோ மெல்லச் சாய்ந்து மெல்ல நிமிரும். உடலுக்கு அது சுகந்தான். ஆயினும் ஓர் அளவுக்கு மேல் இளகிவிட்டால் சாய்ந்த கப்பல் நிமிர மறந்துவிடும். ஆகையால் அநுபவசாலியான மாலுமி கனத்த சரக்கு முழுவதையும் அடியில் இடுவதில்லை. ஒரு பங்கை மேலறைகளில் ஏற்றுவித்துக் கப்பலின் ஆட்டத்தைத் தாமதப்படுத்துவான்.

இந்த வித்தையைக் கணக்காக எழுதிக் காட்டியவர் வில்லியம் புரூட் என்னும் ஆங்கிலப் பொறியியலறிஞர். 1870ஆம் ஆண்டுகளில் பிரித்தானியக் கடற்படைக்காக அவர் கப்பல்களின் உருளலை ஆராய்ந்தார். கப்பலின் வயிற்றோரத்தில் நீளவாட்டாக ஒரு மெல்லிய பலகையை நிறுத்தினால் அது தண்ணீரைத் துழாவித் துழாவி ஆட்டத்தின் வலிவைக் குடித்துவிடும் என்பதைக் கடலிலேயே சோதித்துக் காட்டினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. அந்தப் பலகை கப்பலை இறுக்கவில்லை. ஆடவும் விட்டது, ஆட்டத்தை அடக்கவும் செய்தது. 1957ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை இத்துறைமுகத்தைக் கையளித்துச் செல்லும்வரை இங்கே நங்கூரமிட்டு நின்ற போர்க்கப்பல்களின் அடியில் அத்தகைய பலகைகள் நீருக்குள் மறைந்திருந்தன.

நேயர்களே, கப்பலைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம், துறைமுக வாயிலைக் கடந்து கந்தளாய் வீதியில் ஏறும் மோட்டார் வண்டிக்கும் இதே நோய், இதே மருந்து என்பதுதான். வண்டியின் உடலுக்கும் சில்லுகளுக்கும் நடுவே நின்று அதிர்ச்சியைத் தாங்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என்பர். நாம் வில்லமைப்பு என்று சொல்லலாம். வேகத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்த வில்லை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு இளக்குவது என்ற வழக்கு நூறாண்டுகளாக நடந்து வருகின்றது. வில்லை இறுக்கினால் வண்டி வீதியைப் பிடித்துக்கொள்ளும் என்பது இளைஞர் பலரின் நம்பிக்கை. வரலாற்றைப் புரட்டினால் வேறொரு தீர்ப்பே கிடைக்கின்றது.

வில் வண்டிக்குள் புகுந்தது மோட்டார் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே. 1804ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்து வண்டி செய்வோராகிய ஒபதையா எலியட் என்பவர், வளைந்த எஃகுத் தகடுகளை அடுக்கி இரண்டு விற்களை எதிரெதிராகப் பொருத்தி, குதிரை வண்டிகளுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த அடுக்குத் தகட்டு வில் நம் நாடுகளுக்கு வந்தபோது தமிழர் அதற்குத் தேடாமலே பெயர் வைத்தனர். தமிழ்நாட்டிலும் மலையாள நாட்டிலும் வில் பூட்டிய மாட்டு வண்டிக்கு வில்லு வண்டி என்றே பெயர். பார வண்டிலில் நெல்லும் உப்பும் ஏறும். வில்லு வண்டியில் மனிதர் ஏறுவர். அதிலும் எல்லா மனிதரும் அல்லர். 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொது வீதியில் வில்லு வண்டியிலேறிச் சென்றார். சாதாரணப் பார வண்டியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இருவர் கையகலத் தகடுகள் சில, வீதியில் நடக்கும் உரிமைக்கே சின்னமாகிவிட்டன.

யாழ்ப்பாணத்துச் சவாரி வண்டிலையும் இங்கே மறத்தலாகாது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நமக்கு முதலிற் கிடைத்தது அதுவே. அங்கே சாரதி செய்யும் திருத்தம் பாரத்தைப் பற்றியது. அச்சுக்கு முன்னே பாரம் மிகுந்தால் நுகம் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னே மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டுக்குப் பிடி தளரும். தான் நிற்கும் இடத்தை ஒரு சாண் முன்னோ பின்னோ மாற்றி ஓட்டத்தையே மாற்றிவிடுவான் தேர்ந்த சாரதி. மோட்டார்ப் பொறியியலாளர் முன்பாரம், பின்பாரம் என்று ஏடு ஏடாக எழுதுவதன் தொடக்கப் பாடம் அது.

இனி மோட்டார் காலத்துக்கு வருவோம். ஆங்கில நாட்டில் முதன்முதலாக நாற்சில்லு மோட்டார் வண்டிகளை அமைத்தவர்களுள் ஒருவராகிய பிரெடெரிக் லாங்செஸ்டர் ஓர் எளிய உண்மையைக் கண்டார். மனிதன் நடக்கும்போது அவன் தலை ஓர் ஒழுங்கான தாளத்தில் மேலும் கீழும் அசைகின்றது. பிள்ளைப் பருவம் தொட்டே பழகிய அசைவு அது. வண்டியின் வில் அதே தாளத்தில் அசைந்தால் உடல் அதை வருத்தமாக எண்ணுவதில்லை. இதற்குக் கணக்கும் உண்டு. வண்டியின் பாரத்தால் வில் ஓர் அங்குலம் மட்டும் அமுங்குமானால், அவ்வண்டி நிமிடத்துக்கு ஏறக்குறைய 188 தடவை துள்ளும். நான்கு அங்குலம் அமுங்கும் இளகிய வில்லானால் 94 தடவை. பின்னது மனிதன் நடையோடு ஒத்துப்போகும். முன்னது பல்லைக் கிட்டச் செய்யும்.

லாங்செஸ்டர் சொன்னதை 1920ஆம் ஆண்டுகளின் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் காதில் வாங்கவில்லை. தகட்டு விற்களைக் கயிறு கொண்டு இறுகச் சுற்றிக் கட்டினர். மரவட்டுகள் உராய்ந்து ஆட்டத்தை அடக்கும் கருவிகளைத் திருகித் திருகி முறுக்கினர். அவர்களை முழுதும் குறை சொல்வதற்கில்லை. அந்நாளைய வண்டிகளில் முன்சில்லுகள் இரண்டும் ஒரே அச்சில் மாட்டப்பட்டிருந்தன. அவ்வச்சுக்கு இளகிய வில்லைக் கொடுத்தால் வேகத்தில் சில்லுகள் இடவலமாக நடுங்கத் தொடங்கும். சுக்கான் கையிலிருந்து துள்ளும். நடுக்கத்துக்கு அஞ்சியே இறுக்கினர். விளைவு என்னவெனில், மேட்டில் ஏறிய சில்லு காற்றில் எழும்பியது. காற்றில் நிற்கும் சில்லு வண்டியைத் திருப்பாது, நிறுத்தவும் செய்யாது. இச்சிறு வாக்கியத்துள்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கின்றது.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் மோறிஸ் ஒலி என்னும் ஆங்கிலேயர். றோல்ஸ் றொய்ஸ் கம்பனியிற் பணியாற்றிய அவர் 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கடிலாக் கம்பனியை அடைந்தார். அங்கே ஒரு காரின் முன்னும் பின்னும் பாரங்களை ஏற்றி, அவற்றை வேண்டியவாறு இடமாற்றி, விற்களையும் மாற்றி மாற்றி மனிதரை அதிலேற்றி ஓட்டிப் பார்த்தார். எந்தக் கருவியும் கூறாததை ஏறியவர் உடல் கூறியது. பின்வில்லைவிட முன்வில் இளகியிருந்தால் பயணம் சமதளமாக இருக்கின்றது! காரணத்தைச் சற்று நிதானித்துக் கேளுங்கள். மேட்டை முதலிற் சந்திப்பது முன்சில்லு. ஒரு கணம் கழித்தே பின்சில்லு அதைச் சந்திக்கும். பின்வில் சற்று விரைந்து துள்ளுமானால், பிந்திப் புறப்பட்ட பின்புறம் முன்புறத்தை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து தாழும். மாறாக முன்வில் இறுகியிருந்தால், முன் தாழப் பின் எழ, வண்டி தோணிபோல் ஆடும். முன்வில்லை இளக்கவேண்டும் என்று தெரிந்தபின், நடுங்கும் அச்சை வைத்துக்கொள்ள வழியில்லை. ஆதலால் இரு முன்சில்லுகளையும் தனித்தனியே அசையவிடும் அமைப்பு 1934ஆம் ஆண்டுக் கடிலாக் முதலிய கார்களில் வந்தது. சுகத்தைத் தேடிப் போனவருக்குப் பிடியும் சேர்ந்து கிடைத்தது.

அதே 1934ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மெர்சிடிஸ் கம்பனி, நான்கு சில்லுகளும் தனித்தனியே அசையும் பந்தயக் காரை ஓடவிட்டது. வண்டியின் சட்டம் விறைப்பாக இருக்கட்டும், வில் வேலை செய்யட்டும் என்ற கொள்கை பந்தயத் திடலில் வேரூன்றத் தொடங்கியது அக்காலத்திலேதான். பின்னாளில் கொலின் சப்மன் என்பவர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட லோட்டஸ் எலான் என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார், மெல்லிய விற்களாலும் அளவான அதிர்வடக்கிகளாலும் பேர்பெற்றது. அதிர்வடக்கி என்று நான் சொல்வது நம் கராஜ்களில் சொக் அப்சோபர் எனப்படும் எண்ணெய்க் குழாயைத்தான். புரூட்டின் பலகை கடல்நீரில் செய்த வேலையை இது எண்ணெயிற் செய்கின்றது.

இனி நம்மோடு நெருங்கிய ஒரு வண்டியைப் பற்றிப் பேசவேண்டும். ஸ்மேர்னா நகரிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறியவர் அலெக் இசிகோனிஸ். அவரும் ஜோர்ஜ் டவுசன் என்ற நண்பரும் 1930ஆம் ஆண்டுகளில் ஓய்வு நேரங்களில் தம் கைகளாலேயே ஒரு சிறு பந்தயக் காரைச் செய்தனர். அதற்கு எஃகு வில்லுக்குப் பதிலாக ரப்பரை வில்லாக வைத்தனர். மலையேற்றப் பந்தயங்களில் அதை ஓட்டினர். அந்தப் பயிற்சியோடு இசிகோனிஸ் அமைத்த குடும்பக் கார்தான் 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர். அதன் முன்புறத்தில் வில் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் தரைக்கடியில் நீளவாட்டாக ஓடும் உருக்குக் கம்பி ஒன்று, சில்லு எழும்போது முறுகி, தாழும்போது விரியும். மாதிரி வண்டி முடிவான பின்பும் அது ஒடுக்கமாயிருப்பது இசிகோனிஸின் கண்ணை உறுத்தியது. அதை நடுவே இரண்டாக அறுத்து நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். மூக்கு மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த அகலத்தின் தழும்பு. நிலத்தில் அகலக் கால் பரப்பி நிற்பவனை எளிதில் தள்ள இயலாதன்றோ?

பிரித்தானியக் கார்களுள் பத்து இலட்சத்தைத் தாண்டிய முதற் கார் இது. இலங்கையில் இது வைத்தியர் வீட்டிலும் நின்றது, வாடகைத் தரிப்பிடத்திலும் நின்றது. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960ஆம், 1970ஆம் ஆண்டுகளில் கார் இறக்குமதி இறுகியபோது, உள்ளதைக் காப்பாற்றுவதன்றி வேறு வழியில்லாமற் போயிற்று. தாழ்ந்துபோன பின்வில்லின் தகடுகளைக் கழற்றிக் கொல்லன் உலையிலே காய்ச்சி அடித்து, மீண்டும் வளைவு கொடுத்தனர். தளர்ந்த முறுக்குக் கம்பியை அதன் பின்முனையில் ஒரு பல் தள்ளிப் பொருத்தி வண்டியின் உயரத்தை மீட்டனர். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர் செய்யும் அதே திருத்தம். நோக்கம் மட்டும் வேறு. அவர் தாழ்த்தினார், நம்மவர் உயர்த்தினர்.

ஏன் உயர்த்தினர் என்பதை இந்த மாவட்டத்து வீதிகளை அறிந்தவர் உடனே விளங்கிக்கொள்வர். திருகோணமலையிலிருந்து மூதூர்ப் பக்கம் செல்வதற்குக் கிண்ணியாத் துறையில் வண்டியைப் பாதையில் ஏற்றவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டில் பாலம் திறக்கப்படும்வரை அதுவே வழக்கம். கரையிலிருந்து பாதையின் தட்டுக்கு ஏறும் இடத்தில், தாழ்ந்த கார் வயிற்றால் உரசிக்கொண்டு நிற்கும். உள்வீதிகளிலோ சரளை. மாரி மழை கழிந்தபின் அதில் வரிவரியாக மேடுகள் எழும். அதிர்வடக்கியை மிதமிஞ்சி முறுக்கிய வண்டி அங்கே படும் பாடு விசித்திரமானது. ஒரு மேட்டில் அமுங்கிய வில் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும், அதிலும் அமுங்கும், இப்படிப் படிப்படியாகத் தாழ்ந்து, சற்று நேரத்தில் வில்லே இல்லாத வண்டிபோல் தடைக்கட்டையில் மோதத் தொடங்கும்.

தடைக்கட்டை என்பது வில்லின் அசைவு முடியும் இடத்தில் உள்ள ரப்பர்த் துண்டு. உருவம் அழகாயிருக்கும் என்று சுருள்வில்லின் ஒரு சுற்றை வெட்டிவிடுவோர் இன்றும் உண்டு. சுற்றுக் குறைந்த வில் முன்னைவிட இறுகும். அசையும் இடமும் சுருங்கும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஒரு மதகின் விளிம்பு குறுக்கிட்டதென்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கப் பின்சில்லு தடைக்கட்டையில் இடித்த அந்தக் கணத்தில் அங்கே வில் இல்லை. இரும்பின் மேல் இரும்புதான். பாரம் முழுவதும் திடீரென ஒரு ரயர் மேல் இறங்க, அது பிடியை விடும். வாற்புறம் வெளியே வீசப்படும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே காட்டு வழியில் இரவிற் செல்வோருக்கு இது வெறும் கணக்கல்ல. அவ்வீதியில் யானை குறுக்கே நிற்கும். நகரை அண்டிய வீதிகளில் மாடுகள் சூடு தேடித் தார்வீதியிற் படுத்திருக்கும். விளக்கொளியில் ஒரு கரிய உருவம் தெரிந்தபின் சாரதிக்கு எஞ்சியிருப்பவை நான்கு உள்ளங்கையளவு ரப்பர்தாம். அவை நான்கும் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

அப்படியானால் இறுகிய வில்லுக்கு இடமே இல்லையா? உண்டு. நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் பாதை குறுகியது, ஆயினும் சீரானது. உலகப் போர்க் காலத்துக் கடற்படை விமானத் தளமாகிய கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு அருகே சோழவரத்து விமான ஓடுபாதையிலும் பந்தயங்கள் நடந்தன. அத்தகைய பரந்த ஓடுதளத்தில் வில்லை ஓரளவு இறுக்குவதால் உடல் சாய்வு குறைந்து, சுக்கானைத் திருப்பிய உடனே வண்டி திரும்பும். சோழவரத்தை அடுத்து 1990ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை அமைந்தது. அங்கே அந்தத் தேவை இன்னும் மிகுந்தது. 1960ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பந்தயக் கார்களுக்குச் சிறகு பூட்டிக் காற்றாலேயே வண்டியை நிலத்தோடு அமுக்கத் தொடங்கிய பின், அந்த அமுக்கத்தைத் தாங்க விறைப்பான வில் இன்றியமையாததாயிற்று. ஆனால் சிறகின் அமுக்கம் மணிக்கு 150 மைல் வேகத்திற் கிடைப்பது. தம்பலகாமச் சந்தியில் திரும்பும் காருக்கு அது ஏது?

தம் காரைச் சிறிது விறுவிறுப்பாக ஓட்ட விரும்புகிறவர் கைவைக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. தேர்ந்த மெக்கானிக்குகள் அதையே கடைப்பிடிப்பர். முதலில் ரயர்களின் காற்று. பிறகு, தேய்ந்து உலர்ந்துபோன ரப்பர்ப் பூண்கள். உப்புக் காற்று வீசும் துறைமுக ஊரில் இரும்புப் பூட்டுகளையும் துரு தின்றிருக்கும். அவற்றைப் புதுப்பித்தாலே பாதி வண்டிகள் குணமடைந்துவிடும். மூன்றாவதாக அதிர்வடக்கி. வண்டியின் மூலையை அமுக்கி விட்டால் அது எழுந்து, ஒருமுறை தாழ்ந்து நிலைக்கவேண்டும். ஊஞ்சலாடினால் எண்ணெய் போய்விட்டது என்று பொருள். அதன் பின்பும் வளைவில் மிகச் சாய்கின்றது என்றால், வில்லை மாற்றாமல் இரு சில்லுகளையும் இணைக்கும் குறுக்குக் கம்பி ஒன்றைப் பூட்டலாம். இரு சில்லும் ஒன்றாக எழும்போது அது தலையிடாது. ஒன்று எழ மற்றது தாழும்போது மட்டும் முறுகித் தடுக்கும். முன்னே தடித்த கம்பி பூட்டினால் வண்டி வளைவில் வெளிப்புறம் தள்ளிச் செல்லும். பின்னே பூட்டினால் வால் வீசும் குணம் கூடும். பழகாத சாரதிக்கு முன்னதே பாதுகாப்பு. வில்லில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

மொறிஸ் மைனரில் அத்தகைய குறுக்குக் கம்பி இல்லை. அதன் அதிர்வடக்கியும் பழைய முறையிலான நெம்புகோற் பெட்டிதான். முன்புறத்தில் அந்த நெம்புகோலே சில்லைத் தாங்கும் மேற்கையாகவும் பயன்பட்டது. ஆகவே பெட்டி தேய்ந்தால் சில்லின் நிலையும் தவறிவிடும் என்பதை நம் பட்டறைக்காரர் அடிபட்டே கற்றனர். இத்தகைய வண்டிகளை நெடுங்காலம் ஓடச்செய்து பழகிய கைகளுக்கு ஒரு வேடிக்கையான வாய்ப்பும் வந்தது. இங்கிலாந்தில் மொறிஸ் மைனர் உற்பத்தி 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1990ஆம் ஆண்டுகளில், அவ்வண்டியைப் போற்றும் ஆங்கிலேயருக்காக அதன் உதிரிப் பாகங்கள் இலங்கையிலே செய்யப்பட்டுக் கப்பலேறி இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குச் சென்றன.